"டப்ஸ்டெப்": இசையா? இரைச்சலா?

லண்டன் மார்க்கெட் தெருவில் பிறந்த பாட்டு: 20 வருஷமாக ஓயாத சண்டை!

ஒரே பாட்டு. அதைக் கேட்டு ஒருவர் கண்ணை மூடித் தலையை ஆட்டுகிறார். பக்கத்தில் இருப்பவர் காதைப் பொத்திக் கொண்டு எழுந்து ஓடுகிறார்.

அந்தப் பாட்டுக்குப் பெயர் "டப்ஸ்டெப்".

லண்டன் வாலிபர்கள் உண்டாக்கிய இசை இது. பிறந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் சண்டை மட்டும் ஓயவில்லை.

"பட்டறையில் தகரத்தை அறுக்கிற மாதிரி இருக்கு. இதுக்குப் பேரு பாட்டா?" என்கிறது ஒரு கட்சி.

"இதைக் காதால் கேட்கக் கூடாது அய்யா, நெஞ்சால் கேட்கணும்" என்கிறது எதிர்க்கட்சி.

மூன்றாவது கட்சியும் உண்டு. "முதலில் வந்ததுதான் அசல் சரக்கு. பின்னால் வந்தது எல்லாம் கலப்படம்" என்பது அவர்கள் வாதம்.

யார் பக்கம் நியாயம்? தீர்ப்புச் சொல்வதற்கு முன், வழக்கின் பூர்வோத்தரத்தைப் பார்த்து விடலாம்.

மார்க்கெட் தெரு

தெற்கு லண்டனில் குராய்டன் என்று ஒரு பகுதி. இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் இடம். அங்கே சர்ரே தெருவில் காய்கறி மார்க்கெட் இருக்கிறது. 1276-ம் வருஷம் ராஜா கொடுத்த சாசனம் அதற்கு உண்டு.

அந்தத் தெருவில்தான் "பிக் ஆப்பிள்" என்ற இசைத்தட்டுக் கடை இருந்தது.

கவுண்டரில் நின்று தட்டு விற்றவர் ஹாட்சா. இரவு நேரத்தில் கிளப்புகளில் தட்டு சுழற்றும் டி.ஜே.யும் அவரே. மாடியில் ஆர்ட்வொர்க் என்பவரின் சிறிய ஸ்டூடியோ. கடையையே சுற்றிச் சுற்றி வந்த பையன்கள் ஸ்கிரீம், பெங்கா. எல்லாம் புனைபெயர்கள்தான்.

ஸ்கிரீம், பெங்கா இரண்டு பேரும் 1986-ல் பிறந்தவர்கள். "டப்ஸ்டெப்" என்ற பெயர் புழக்கத்துக்கு வந்த 2002 வாக்கில் அவர்களுக்கு 16 வயது!

சங்கீதக் கல்லூரிப் படிப்பு கிடையாது. பெரிய கம்பெனி கிடையாது. வீட்டில் இருந்த கம்ப்யூட்டர்தான் வாத்தியம். அதில்தான் பாட்டு தயாரானது. ஹாட்சா அதை வாங்கிப் போய் கிளப்பில் போட்டார்.

பாடகரைத் தூக்கு!

1990-களின் கடைசியில் லண்டனில் "கராஜ்" என்ற ஆட்டப்பாட்டு சக்கைப் போடு போட்டது. பளபளப்பான பாட்டு. குரல் உண்டு, குஷி உண்டு.

குராய்டன் பையன்கள் அதில் இருந்த குரலைப் பெரும்பாலும் கழற்றினார்கள். பளபளப்பைத் துடைத்தார்கள். தாளத்தையும் கனமான அடி ஒலியையும் மட்டும் மிச்சம் வைத்தார்கள்.

இந்த வித்தைக்கு மூல குரு ஜமைக்கா நாட்டுக்காரர். கிங் டப்பி என்று பெயர். தொழில், மின்சார சாமான் ரிப்பேர். 1970-களில் அவர் பாட்டில் இருந்து பாடகரைத் தூக்கி விட்டு, டிரம்மையும் பேசையும் எதிரொலியில் மிதக்க விட்டார். அந்தப் பாணிக்கு "டப்" என்று பெயர் வந்தது. அவர் 1989-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். பாணி சாகவில்லை.

ஜமைக்கா சரக்கு லண்டனுக்கு எப்படி வந்தது? 1948-ல் "விண்ட்ரஷ்" கப்பலில் வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கொண்டு வந்த சொத்து அது. ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கி வைத்துப் பாட்டுப் போடும் பழக்கம் அவர்களோடு வந்தது. பேரன் காலத்தில் புதுப் பெயர் எடுத்தது.

140-ஆ? 70-ஆ?

டப்ஸ்டெப்பில் என்னதான் இருக்கிறது?

நிமிஷத்துக்கு சுமார் 140 அடி. நல்ல ஓட்டம்தான். ஆனால் "பளார்" என்று விழும் அடி, நாலுக்கு ஒன்றுதான். மூன்றாவது எண்ணிக்கையில் விழும். அதனால் கேட்பவருக்கு 70 போலத் தோன்றும். ரெயில் வேகமாக ஓடுகிறது. உள்ளே இருப்பவர் சாய்ந்து உட்கார்ந்து இருக்கிறார். அந்த மாதிரி.

அடிக்கும் அடிக்கும் நடுவே காலி இடம். அந்தக் காலி இடத்தின் கீழே ஓடுவது, ஆழமான ஒலி. அதற்கு "சப்-பேஸ்" என்று பெயர். மனிதக் காதுக்குக் கேட்கும் ஒலி 20 ஹெர்ட்சில் தொடங்குகிறது. இந்த சப்-பேஸ் 20-க்கும் 60-க்கும் இடையே நடமாடும். காதில் கொஞ்சம்தான் விழும். உடம்பில்தான் தெரியும். திருவிழாவில் பெரிய மேளத்துக்குப் பக்கத்தில் நின்றால் வயிறு அதிருமே, அது போல.

இங்கேதான் வம்பு தொடங்குகிறது.

செல்போனில் இருக்கும் சுண்டைக்காய் அளவு ஒலிபெருக்கியால் இந்த ஆழமான ஒலியைத் தர முடியாது. மேலே இருக்கும் தகரச் சத்தம் மட்டுமே வரும். மேளத்தை விட்டு விட்டு ஜால்ராவை மட்டும் கேட்ட கதை! அதைக் கேட்டு விட்டுத்தான் பாதிப் பேர் "இரைச்சல்" என்று தீர்ப்பு எழுதி விடுகிறார்கள்.

திருட்டு ரேடியோ

முதலில் இந்தப் பாட்டுக்குப் பெரிய ரேடியோவில் இடம் இல்லை. "ரின்ஸ்" என்ற திருட்டு ரேடியோதான் தூக்கி விட்டது. 1994-ல் லைசென்ஸ் இல்லாமல் தொடங்கிய நிலையம் அது. 2010-ல் சர்க்காரே லைசென்ஸ் கொடுத்தது. திருட்டுப் பிள்ளை வீட்டுப் பிள்ளை ஆன கதை!

2001-ல் "பார்வர்ட்" என்ற இசை இரவு லண்டன் சோஹோவில் தொடங்கியது. பிறகு ஷோர்டிச் பகுதியில் "பிளாஸ்டிக் பீப்பிள்" என்ற கிளப்புக்குப் போனது. பாதாள அறை. சுமார் 200 பேர் நிற்கலாம். கும்மிருட்டு. முகம் தெரியாது. ஒலிபெருக்கி மட்டும் உயர்ந்த ரகம்.

2005-ல் பிரிக்ஸ்டன் பகுதியில், தேவாலயக் கட்டிடத்துக்குள் இருந்த கிளப்பில் "டி.எம்.இசட்." என்ற இரவு தொடங்கியது. மாலா, கோக்கி, லோபா என்ற மூவர் நடத்தினார்கள். 2006 ஜனவரியில் பி.பி.சி. ரேடியோவில் மேரி ஆன் ஹாப்ஸ் இந்தப் பாட்டுக்காரர்களை ஒரே நிகழ்ச்சியில் கூட்டி வந்தார். இரண்டு மாதம் கழித்து டி.எம்.இசட். முதலாம் ஆண்டு விழா. சின்ன அறை தாங்கவில்லை. கூட்டத்தைப் பெரிய அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

அடுத்த வருஷம், "பரியல்" என்ற புனைபெயரில் "அன்ட்ரூ" என்ற இசைத்தட்டு வந்தது. மழைச் சத்தம், தேய்ந்த தட்டின் கரகரப்பு, தூரத்தில் அழும் குரல். இரைச்சல் என்று யாரும் சொல்ல முடியாது. 2008-ல் பெரிய விருதான மெர்க்குரி பரிசுக்குப் பரிந்துரை ஆனது.

யார் இந்தப் பரியல்? லண்டன் பத்திரிகைகள் வலை வீசின. அந்த வருஷம் ஆகஸ்டில் அவரே தன் நிஜப் பெயரை வெளியிட்டு சஸ்பென்சை உடைத்தார்.

அமெரிக்க மசாலா

2010-ல் கதை திசை மாறியது.

லாஸ் ஏஞ்சல்ஸ் வாலிபர் ஸ்கிரில்லெக்ஸ், "ஸ்கேரி மான்ஸ்டர்ஸ் அண்ட் நைஸ் ஸ்பிரைட்ஸ்" என்ற தொகுப்பை வெளியிட்டார். அடியில் ஓடிய ஒலி மேலே வந்தது. காலி இடம் அடைபட்டது. எந்திரங்கள் சண்டை போடுகிற மாதிரி ஒலி. கூட்டம் துள்ளிக் குதித்தது.

2011-ல் பிரிட்னி ஸ்பியர்ஸ் பாட்டிலும் டப்ஸ்டெப் துண்டு நுழைந்தது. 2012 பிப்ரவரியில் ஸ்கிரில்லெக்ஸ் மூன்று கிராமி விருதுகளை அள்ளினார்.

தமிழ் ரத்தத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம் 2010-ல் வெளியிட்ட "மாயா" இசைத் தொகுப்பில், டப்ஸ்டெப் ஆள் ரஸ்கோ வேலை செய்து இருக்கிறார்.

பழைய லண்டன் ரசிகர்களுக்குக் கோபம். அமெரிக்கப் பாணிக்கு "புரோஸ்டெப்" என்று கேலிப் பெயர் வைத்தார்கள். "தியானம் மாதிரி இருந்ததைக் குஸ்தி ஆக்கிட்டாங்க" என்பது புகார்.

புது ரசிகர்கள் விடவில்லை. "நாலு பேருக்குத் தெரிந்தால் அசல், நாலு கோடிப் பேருக்குத் தெரிந்தால் போலியா?" என்று மடக்கினார்கள். இது நியாயமான கேள்விதான். கராஜ் பாட்டில் இருந்து குரலைக் கழற்றியதை மாற்றம் என்று கொண்டாடியவர்கள், அடுத்தவன் மாற்றும்போது மட்டும் போலீசைக் கூப்பிடலாமா?

கொசுவும் ஓடும்!

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. 2019-ல் ஒரு விஞ்ஞான ஆராய்ச்சி வெளியானது. டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களுக்கு, மேலே சொன்ன ஸ்கிரில்லெக்ஸ் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். கொசுக்கள் கடிப்பது குறைந்தது. ஜோடி சேர்வதும் குறைந்தது.

"பாத்தீங்களா, கொசுவுக்கே பிடிக்கலை!" என்று எதிர்ப்பாளர்கள் கைதட்டினார்கள்.

சிரிக்கலாம். ஆனால் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. கொசு தன் ஜோடியைச் சிறகின் ஒலியை வைத்து அடையாளம் காணும். பலத்த அதிர்வு அதைக் குழப்பி விடும். கொசு இசை விமர்சகர் அல்ல!

காது போனால்?

எதிர்ப்பாளர்களின் ஒரு வாதத்தை மட்டும் ஒதுக்க முடியாது. அது சத்த அளவு.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு வரையறை கொடுத்தது. இசை அரங்குகளில் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. காதுக்கு அடைப்பான் கொடுக்க வேண்டும். சத்தம் குறைந்த ஓய்வு இடம் இருக்க வேண்டும். இது ரசிகர்களுக்கு எதிரான சட்டம் அல்ல. 20 வயதில் போன காது 40 வயதில் திரும்பி வராது. பாட்டை நேசிக்கிறவர்தான் காதையும் முதலில் காப்பாற்ற வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கமும் சின்ன விஷயம் இல்லை. ஆழமான ஒலி சுவரைத் தாண்டும். காலையில் வேலைக்குப் போக வேண்டியவர் ராத்திரி 2 மணிக்கு ஜன்னல் அதிர்வதை எப்படிப் பொறுப்பார்?

கதவை மூடினால்...

ஆனால் அதற்காக இடத்தையே மூடி விடலாமா? இந்த வழக்கின் முக்கியமான கேள்வி இதுதான்.

பிக் ஆப்பிள் கடை 2004-ல் மூடப்பட்டது. பிளாஸ்டிக் பீப்பிள் கிளப்பின் லைசென்சை மறுபரிசீலனை செய்யும்படி 2010-ல் போலீஸ் கேட்டது. ரசிகர்கள் குரல் கொடுத்தார்கள். கிளப் தப்பியது. ஆனால் 2015 ஜனவரியில் அதுவும் இழுத்து மூடப்பட்டது.

இது இரண்டோடு போகவில்லை. 2007-க்கும் 2015-க்கும் இடையே லண்டனில் இருந்த சிறிய இசைக் கூடங்களில் 35 சதவீதம் மறைந்து விட்டன. வாடகை, வரி, புதிய அடுக்குமாடி வீடுகளில் இருந்து வந்த புகார் என்று காரணங்கள் பல.

2018-ல் இங்கிலாந்தில் கட்டிட விதியைத் திருத்தினார்கள். ஏற்கனவே இருக்கும் இசைக் கூடத்துக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்தான் சத்தத் தடுப்புக்கு வழி செய்ய வேண்டும் என்பது புது விதி. பின்னால் வந்தவர் முன்னால் இருந்தவரை விரட்டக் கூடாது என்ற நல்ல நியாயம். ஆனால் அதற்குள் பல கதவுகள் மூடி விட்டன.

தீர்ப்பு என்ன?

டப்ஸ்டெப் எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கர்நாடக சங்கீதம் பிடிக்காதவர் உண்டு. சினிமாப் பாட்டு பிடிக்காதவரும் உண்டு.

ஆனால் லண்டன் பாட்டையும் லாஸ் ஏஞ்சல்ஸ் பாட்டையும் ஒரே மூட்டையில் கட்டித் தூக்கி எறிவது சரி இல்லை. தகரச் சத்தம் என்று திட்டுகிறவர் பெரும்பாலும் 2010-க்குப் பிறகு வந்த பாட்டைச் சொல்கிறார். தியானம் என்று சொக்குகிறவர் 2005 பாட்டைச் சொல்கிறார். இரண்டு பேரும் வேறு வேறு பாட்டைக் கேட்டு விட்டு ஒரே பெயரைச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள்!

நல்ல ஒலிபெருக்கியில், அளவான சத்தத்தில், ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும். அதன் பிறகும் பிடிக்காவிட்டால் தாராளமாக வேண்டாம் என்று சொல்லலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஒரு தட்டுக் கடை, 200 பேர் நிற்கும் ஒரு பாதாள அறை, லைசென்ஸ் இல்லாத ஒரு ரேடியோ. இந்த மூன்றும் இருந்ததால்தான் 16 வயதுப் பையன்கள் செய்த பாட்டு கிராமி மேடை வரை போனது. அடுத்த பாட்டு எந்தத் தெருவில் பிறக்கும் என்று எந்த நகரசபைக்கும் தெரியாது.

காதைப் பொத்திக்கொள்ளும் உரிமை எல்லாருக்கும் உண்டு. கதவைப் பூட்டும் உரிமையைத்தான் யோசித்துக் கொடுக்க வேண்டும்!