வழியிடை ஒரு கல்

சென்ற மார்கழி விடுமுறையில் எம் பழைய மாணாக்கர் ஒருவர் மாத்தளைக்கு வந்திருந்தார். இரத்தோட்டைக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்தவர். எம்மிடம் ஆறாண்டு தமிழ் கற்றவர். பதினைந்து ஆண்டுகளாகச் சுவிற்சர்லாந்தில் வாழ்பவர். தாம் பிறந்த மண்ணை மனைவியார்க்கும் மக்கள் இருவர்க்கும் காட்டவேண்டுமென்பது அவர்தம் வேட்கை. வந்த அன்று மாலை எம் இல்லத்து முன்றிலில் அமர்ந்து, முந்திய குளிர்காலத்தில் தம் குடும்பத்தோடு பனிமலைகளினூடே மோட்டார் வண்டியிற் சென்றுவந்த கதையை விரித்துரைத்தார்.

நம் தமிழில் பனி என்னும் ஒரு சொல்லே புல்நுனியில் நிற்கும் துளிக்கும், மலைமீது தவழும் மூடுபனிக்கும், இமயத்தில் உறைந்து கிடக்கும் வெண்பனிக்கும் பெயராயிற்று. பெரும்பொழுது ஆறனுள் இரண்டை முன்பனி, பின்பனி என்று அதன் பெயராலேயே வகுத்தனர் நம் முன்னோர். எனினும் உறைந்த பனியைக் கண்ணாற் கண்டவர் நம்மிற் சிலரே. இலங்கையின் மலைகளுள் மிக உயர்ந்ததாகிய பீதுருதலாகலை 2524 மீற்றர் உயர்ந்து நிற்பினும், அதன் தலையில் வெண்பனி தங்குவதில்லை. ஆதலின், மாணாக்கர் சொல்லச் சொல்ல ஆசிரியராகிய யாம் சிறுவரைப்போலக் கேட்டிருந்தோம்.

லூசேர்ண் நகரிலிருந்து விடியலிற் புறப்பட்டனராம். ஏரிக்கரையிலுள்ள ஊர்களை ஒவ்வொன்றாகக் கடந்து, ஏரி முடிந்த இடத்தில் மலையேறத் தொடங்கினர். இருமருங்கும் கூரைகளும் மரங்களும் வேலிகளும் வெண்மையுள் மறைந்திருந்தன. எதிரே நின்ற கொத்தார்ட் கணவாயின் உயரம் 2106 மீற்றர். குளிர்காலத்தில் அக்கணவாயைப் பனி மூடிவிடும். அப்பொழுது வண்டிகட்கு வழியாவது 1980 இல் திறக்கப்பெற்ற சுரங்கச் சாலை. ஏறத்தாழ 17 கிலோமீற்றர் மலையின் வயிற்றுக்குள்ளேயே செல்லவேண்டும். உட்புகும் வாயிலில் மக்கள் பேசும் மொழி ஜெர்மன். வெளிவரும் வாயிலில் இத்தாலியம். அவ்வெளிவாயிலின் அண்மையிலுள்ள சிற்றூரின் பெயர் ஐரோலோ.

குழந்தைகட்குப் பசி எடுத்தமையால் அவ்வூரில் வண்டியை நிறுத்தினர். புகைவண்டி நிலையத்தின் அருகே வெண்கலத்தாலான புடைப்புச் சிற்பம் ஒன்று நின்றது. தொழிலாளர் சிலர், இறந்த தோழன் ஒருவனைத் தூக்குப் படுக்கையிற் சுமந்து செல்கின்றனர். “அப்பா, அந்த மாமாவுக்கு என்ன நேர்ந்தது?” என்று மகள் கேட்டாள். தந்தை அச்சிற்பத்தின் வரலாற்றை அறிந்து மகளுக்குக் கூறினார்.

அம்மலையில் முதன்முதலிற் குடையப்பட்டது புகைவண்டிச் சுரங்கம். 1872 முதல் 1882 வரை பத்தாண்டுகள் வேலை நடந்தது. உழைத்தவருட் பெரும்பாலோர் வறுமையால் ஊரை விட்டு வந்த இத்தாலியர். வெடியாலும் பாறைச் சரிவாலும் இறந்தோர் ஏறத்தாழ இருநூற்றுவர். வேலையைப் பொறுப்பேற்ற லூயி ஃபாவ்ர் என்பாரும் 1879 இல் அச்சுரங்கத்துள்ளேயே உயிர்நீத்தார். ஈரமும் அழுக்கும் நிறைந்த அவ்விருளில் உழைத்தோரைக் கொக்கிப்புழு நோயும் வாட்டியது. வின்சென்சோ வேலா என்னும் சிற்பி, இறந்த அத்தொழிலாளரை நினைந்து அப்புடைப்புச் சிற்பத்தை வடித்தார். சுரங்கம் திறந்து ஐம்பதாண்டு நிறைந்த 1932 இல் அதனை வெண்கலத்தில் வார்த்து ஐரோலோவில் நிறுவினர்.

“பிறகு லுகானோ ஏரிக்கரைக்குப் போனோம், ஐயா. பனியே இல்லை; கரையோரம் பனையைப் போன்ற மரங்கள் கூட நின்றன. ஆனால் அன்று இரவு முழுவதும் என் மகள் அந்தச் சிற்பத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்” என்று அவர் கதையை முடித்தார்.

மறுநாள் அவர்களோடு யாமும் ஒரு சுற்றுப் பயணம் மேற்கொண்டோம். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக றிவஸ்டனுக்கு ஏறினோம். தேயிலைச் சரிவுகளைத் தாண்டிக் காடு நெருங்குமிடத்தில் மூடுபனி இறங்கிவந்து வண்டியைச் சூழ்ந்தது. ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்றும் சிங்கள மக்கள் தும்பறை என்றும் அழைக்கும் மலைத்தொடர் அது. மத்திய மலைநாட்டின் ஒரு கூறாக 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. சிறுமி கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள். “இந்தப் பனி கையில் நிற்கவில்லையே” என்றாள். தந்தை சிரித்தார். ஆயின் அவர் பார்வை சாலைக்குக் கீழே, இடுப்பிற் படங்கு கட்டிக்கொண்டு நனைந்தபடி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்மீது நிலைத்தது. அவருடைய தாயாரும் அப்படி நின்றவரே. வழிச்செல்வார்க்கு விருந்தாகும் பனி, அங்கு உழைப்பார்க்கு நாள்தோறும் உடம்பில் ஊறும் ஈரம்.

இலுக்கும்புற, பிட்டவல பத்தனைப் புல்வெளி, லக்கல என்று மலையின் மறுபுறம் இறங்கினோம். அங்கே களுகங்கை நீர்த்தேக்கம் பரந்து கிடந்தது. பழைய பல்லேகம ஊர் நீருள் அமிழ்ந்தமையால் மக்களுக்குப் புதிய நகரொன்று அமைக்கப்பட்டுள்ளது. அடுத்து மொரகஹகந்த நீர்த்தேக்கம். நீரில் மலைநிழல் வீழ்ந்த அழகைக் கண்டு, லூசேர்ண் ஏரிக்கு இது குறைந்ததன்று என்றார் மாணாக்கரின் மனைவியார். அவ்வழியே நாவுலையை அடைந்து, கண்டி யாழ்ப்பாண நெடுஞ்சாலையில் ஏறி, வீடு நோக்கித் தெற்கே திரும்பினோம்.

அப்பொழுதுதான் அவர் கேட்டார்: “ஐயா, நம் பாட்டன்மார் நடந்து வந்தது இந்த வழியாகத்தானா?”

ஆம், அவ்வழியாகத்தான். தேவிபட்டினம், தொண்டி, இராமேசுவரம் முதலிய கரைகளில் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக்காட்டையும் வடமத்திய நிலத்தையும் ஊடறுத்துத் தம்புள்ளையூடாக மாத்தளையை வந்தடைந்தனர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் மக்கள். இருநூறு கிலோமீற்றரை விஞ்சிய நடை. நல்ல தண்ணீர் இல்லை. நிழல் தரும் மடம் இல்லை. காய்ச்சலும் வாந்திபேதியும் வழித்துணையாயின. நடக்க முடியாதவர் வழியிலேயே விடப்பட்டனர். காட்டிற் கிடந்த எலும்புகளைப் பற்றி அக்கால வெள்ளையரே எழுதிவைத்தனர். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகைவண்டி 1880 இல் வந்தது. கொத்தார்ட் சுரங்கம் குடையப்பட்ட அதே காலம். எனினும் வடக்கிலிருந்து வந்தவர்க்குக் கால்களே வண்டி. கொழும்புத் துறைமுக வழி பெருகிய பின்னர் அந்நடை வழக்கொழிந்தது; 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் புகைவண்டியும் இணைந்தன. சுரங்கத் தொழிலாளரை வாட்டிய அதே கொக்கிப்புழுவை ஒழிக்க, 1916 இல் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் இயக்கம் தொடங்கவேண்டியிருந்தது. நோயும் ஒன்று, வறுமையும் ஒன்று, பிழைப்புத் தேடி ஊர்விட்ட துயரமும் ஒன்று.

“அவர்களுக்கு எங்கே கல் நாட்டியிருக்கிறது?” என்பது அடுத்த வினா. நாவுலையிலிருந்து மாத்தளை வரை, யாம் சென்ற அவ்வழியில், அவர்க்கென நின்ற கல் ஒன்றும் எம் கண்ணிற் படவில்லை. நாலந்தாவில் மட்டும் வண்டியை நிறுத்தினோம். பல்லவர் பாணியில் அமைந்த அப்பழங் கற்கோயிலை, போவத்தென்ன நீர்த்தேக்கம் மூழ்கடித்துவிடுமென்று அஞ்சிக் கல்கல்லாகப் பிரித்தெடுத்து, மேட்டிலே மீண்டும் அடுக்கி வைத்திருக்கின்றனர். போற்றத்தக்க பணி. கல்லைக் காக்க அறிந்த நாம், அவ்வழியே நடந்து மாய்ந்தவரைச் சொல்லாலேனும் காத்தோமா?

இவ்விடத்தில் எம் குற்றம் ஒன்றை வாசகர்க்கு மறையாது கூறவேண்டும். இம்மாணாக்கர் ஏழாம் வகுப்பிற் படித்தபோது “என் விடுமுறை” என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதச் சொன்னோம். ஏனையோர் கோயில் திருவிழாவையும் மாமன் வீட்டையும் எழுதினர். இவர், விடுமுறை முழுவதும் லயத்திற் பாட்டியோடு இருந்ததாகவும், பாட்டியின் முன்னோர் வடக்கு வழியில் வரும்போது கைக்குழந்தை ஒன்றை எங்கோ புதைத்துவிட்டு வந்தனர் என்று பாட்டி சொன்னதாகவும், அவ்விடம் எதுவென்று பாட்டிக்கே தெரியாதெனவும் எழுதியிருந்தார். யாம் ஒற்றுப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, “தலைப்பை விட்டு விலகுகிறது” என்று அடியில் எழுதிக் கொடுத்தோம். வண்டியில் அமர்ந்தபடி அதனை அவர் நினைவுகூர்ந்தார். குறை கூறும் குரலில் அன்று, சிரித்துக்கொண்டே கூறினார். அச்சிரிப்பு எம்மைச் சுட்டது.

அதே மாணாக்கர்க்கு உயர் வகுப்பில் ஆற்றுப்படையின் இலக்கணத்தை யாமே கற்பித்தோம். முன்னே சென்று வந்தவன் பின்னே செல்பவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தர் குழுவொன்றை நன்னனிடம் ஆற்றுப்படுத்துவது. மலைவழியின் அழகை மட்டும் அது பாடவில்லை. பாசி வழுக்கும் பாறையில் எதைப் பற்றி ஏறவேண்டும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எங்ஙனம் ஒதுங்கவேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. அவற்றோடு, வழிகள் கவர்க்கும் இடத்தில் பெயர் பொறித்து நட்ட வீரர் கற்கள் நிற்கும், அவற்றை உங்கள் இசையாற் சிறப்பித்துச் செல்லுங்கள் என்றும் அறிவுறுத்துகிறது. கல் நடுதற்குத் தொல்காப்பியர் துறைகளே வகுத்தார். இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிய எமக்கு, பாடசாலை வாயிலுக்கு எதிரே கிடந்த நெடுஞ்சாலையும் ஓர் ஆறு என்பது தோன்றவில்லை. பாலை நிலம் ஏட்டில் இருந்தது. எம் கண் முன் இருந்ததை யாம் அறிந்திலோம்.

நடுகல் போரில் வீழ்ந்தார்க்கு உரியதன்றோ என்று வினவுவார் இருக்கலாம். பசியோடு பொருது வீழ்ந்தாரும் வீழ்ந்தாரே. சுவிற்சர்லாந்துச் சிற்பி வாளேந்திய வீரனை வடிக்கவில்லை; சுமந்து செல்லப்படும் கூலியாளனையே வடித்தான்.

நன்மைக்கு அறிகுறிகள் இல்லாமல் இல்லை. மலையகத் தமிழர் வந்து இருநூறாண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் அப்பழைய வழியே வந்து மாத்தளையில் முடிந்தது. சாலையோரத்தில் நின்று அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர்களுள் பிற இனத்தவரும் இருந்தனர். ஆயினும் நடை முடிந்தால் அடிச்சுவடு மறையும். எழுத்து நிற்கும், கல் நிற்கும்.

தமிழிற் பயண இலக்கியம் வறியதன்று. ஏ. கே. செட்டியாரும் சோமலெயும் உலகைச் சுற்றி எழுதினர். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரிக் கரையோடு சென்று “நடந்தாய் வாழி காவேரி” தந்தனர். ஈழத்தவராகிய சோ. சிவபாதசுந்தரம் “கௌதம புத்தர் அடிச்சுவட்டில்” எழுதினார். புத்தரின் அடிச்சுவட்டைத் தேடிச் சென்ற நம் இலக்கியம், நம் பாட்டியரின் அடிச்சுவட்டையும் தேடவேண்டாமா? மன்னார் முதல் மாத்தளை வரையுள்ள பாடசாலைகளின் ஆசிரியர்கள், தத்தம் ஊரெல்லையில் உள்ள பழங்கிணறு, அம்பலம், இடுகாடு, பெரியோர் வாய்மொழி ஆகியவற்றை மாணவரைக் கொண்டு குறித்துவைத்தால் ஓராண்டில் ஒரு நூல் உருவாகும். மாத்தளையில், மக்கள் வந்து தங்கிப் பின் மலைகட்குப் பிரிந்து சென்ற இந்நகரில், வழிச்செல்வார் காணும் இடத்தே மூன்று மொழியிலும் பொறித்த கல்லொன்று நிற்கவேண்டும். அதற்குப் பெருஞ் செல்வம் வேண்டுவதில்லை. மறவாமை என்னும் மனம் வேண்டும்.

மாணாக்கர் புறப்படும் நாளில் எம்மிடம் ஒன்று வேண்டினார். “ஐயா, அந்தக் கட்டுரையை மறுபடி எழுதித் தருகிறேன், இம்முறை திருத்தித் தாருங்கள்” என்றார். “எழுதுக தம்பி, ஒற்றுப் பிழை இருப்பினும் இருக்கட்டும்” என்றோம்.

அடுத்த விடுமுறையில் றிவஸ்டனின் பனியையும் லக்கலையின் நீர்நிலைகளையும் காண வரும் அன்பர்களே, வருக, கண்டு மகிழ்க. திரும்பும்போது நாவுலைக்கும் மாத்தளைக்கும் இடையே ஒரு மரநிழலில் வண்டியைச் சிறிது நிறுத்துக. உடன் வரும் குழந்தைகளை இறங்கச் சொல்லி, இவ்வழியே யார் நடந்து வந்தனர் என்பதை அவர்க்குக் கூறுக. கல் நாட்டப்படும் வரையில், அச்சொல்லே கல்லாக நிற்கட்டும்.