மரச் செங்கோல்

அரசகுமாரி என்றதும் நம் இல்லத்துச் சிறுமியர் பொன்முடியையும் பட்டாடையையும் எண்ணுகின்றனர். அவர்களுக்கு நாம் போலந்து நாட்டு யாட்விகாவின் வரலாற்றையும் சொல்லலாம்.

அங்கேரியையும் போலந்தையும் ஒருங்கே ஆண்ட லூயி மன்னருக்கு ஆண் வாரிசு இல்லை. அவருடைய இளைய மகளான யாட்விகா 1384 அக்டோபர் 16 அன்று கிராக்கோ நகரில் முடிசூட்டப்பட்டார். அப்போது வயது பத்தோ பதினொன்றோ. சூட்டிய பட்டம் 'அரசி' அன்று; 'அரசர்' என்பதே! ஆளும் உரிமை அவருடையது, வரப்போகும் கணவருடையது அன்று என்பதை அது உணர்த்திற்று.

மழலைப் பருவத்திலேயே அவர் ஆஸ்திரிய இளவரசர் வில்லியமுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தார். போலந்துப் பிரபுக்கள் அதனை முறித்து, 1386-இல், பல்லாண்டு மூத்தவரான லித்துவேனியக் கோமகன் யோகைலாவுக்கு அவரை மணமுடித்தனர். யோகைலா திருமுழுக்குப் பெற்றார். மறு ஆண்டு அவர்தம் நாட்டு மக்களும் பெறலாயினர். இந்நற்பயனைப் போற்றும் நாம், அச்சிறுமியின் உள்ளத்தை எவரேனும் கேட்டனரா என்று வினவாதிருத்தல் தகாது. அக்கால அரண்மனைகளில் பெண்மக்கள் உடன்படிக்கைப் பத்திரங்களாகவே கருதப்பட்டனர்.

1399-இல் முதற்குழந்தை பிறந்து, மூன்று வாரமே வாழ்ந்தது. அடுத்த நான்காம் நாள், ஜூலை 17 அன்று, தாயும் மறைந்தார். நலிந்து கிடந்த கிராக்கோ பல்கலைக்கழகத்துக்கெனத் தம் அணிகலன்களை விட்டுச் சென்றிருந்தார்; 1400-இல் அது புத்துயிர் பெற்றது. 1997-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

வாவேல் பேராலயத்தில் அவரோடு புதைக்கப்பட்ட செங்கோல் பின்னாளில் வெளியே எடுக்கப்பட்டது. அது பொன்முலாம் பூசிய வெறும் மரம்.