மேகத்துக்குக் குறைவு மாசா, நீரா?

வானம் பொய்த்தால் வருணஜபம் செய்வது நமது நாட்டில் நெடுநாளைய வழக்கம். டில்லி சர்க்கார் அதற்குப் பதிலாக ஆகாய விமானத்தை அனுப்பிப் பார்த்தனர். 2025-ம் வருஷம் அக்டோபர் மாதம் 28-ந் தேதி, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் விமானம் தலைநகருக்கு மேலே பறந்து, வெள்ளி அயோடைடும் உப்பும் அடங்கிய திரிகளைக் கொளுத்தி, அவற்றின் புகையை மேகத்தினிடையே விட்டது. மழை பெய்து நகரத்தின் நச்சுப் புகையைக் கழுவிவிடும் என்பது எண்ணம். மழையோ பெய்யவில்லை. மேகத்தில் ஈரம் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கே இருந்ததாகக் காரணம் கூறப்பட்டது. மறுநாள் நடக்கவிருந்த சோதனையும் நிறுத்திவைக்கப்பட்டது. இத்தகைய ஐந்து சோதனைகளுக்கென அனுமதித்த தொகை 3.21 கோடி ரூபாய்.

ஜனங்கள் இதை ஒரு நாள் வேடிக்கையாகப் பேசி மறந்துவிட்டனர். நாம் அவ்வாறு விட்டுவிடுவதற்கில்லை. மேகம் எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சற்று ஆராய்ந்தால், இம்முயற்சியின் பிழை எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

நீராவி தானாகவே கூடித் துளியாகிவிடுவதில்லை. அது வந்து படிவதற்கு ஒரு துகள் வேண்டும். ஸ்காட்லாந்து தேசத்து ஜான் எயிட்கென் என்பவர் 1880-ம் வருஷத்தில் இதை எளிய முறையில் காட்டினார். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சாதாரணக் காற்றையும், மற்றொன்றில் பஞ்சினால் வடிகட்டிய காற்றையும் நிரப்பி, இரண்டிலும் நீராவியைச் செலுத்தினார். முதற் பாத்திரத்தில் மூடுபனி திரண்டது. இரண்டாவது தெளிவாகவே இருந்தது. தூசியே இல்லாத காற்றில் துளி பிறக்க வேண்டுமானால், காற்று சாதாரணமாகத் தாங்கக்கூடிய ஈரத்தைப்போல் பல மடங்கு நீராவி வேண்டும். அத்தகைய நிலை வானத்தில் ஏற்படுவதில்லை. கடல் உப்பு, மண் தூசி, காட்டுப் புகை, கந்தகப் புகையிலிருந்து உண்டாகும் ஸல்பேட் ஆகிய நுண்ணிய துகள்களே மேகத்துக்கு வித்து.

அப்படியானால் மாசு மிகுந்த டில்லியில் மழையும் மிகுதியாகப் பெய்ய வேண்டுமே என்று நேயர்கள் கேட்கலாம். விஷயம் அதற்கு நேர்மாறானது. பத்துப் பேருக்குச் சமைத்த சோற்றை ஆயிரம் பேருக்குப் பரிமாறினால் ஒருவர் வயிறும் நிறையாது. துகள்கள் மிகுந்தால், இருக்கின்ற நீர் அத்தனை துகள்களுக்கும் பங்காகி, எண்ணற்ற சிறு துளிகளாக நின்றுவிடுகிறது. ஒரு மழைத்துளி உண்டாக ஏறக்குறைய பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர வேண்டும். மிகச் சிறிய துளிகள் எளிதில் ஒன்றோடொன்று மோதிச் சேர்வதில்லை. ஆகவே மேகம் வெண்மை மிகுந்து வெயிலைத் திருப்பியடிக்கிறது, மழை தாமதிக்கிறது. கப்பல்களின் புகை கடல்மேகங்களில் வெண்கோடுகளாகப் படிவதைச் செயற்கைக் கோள்களின் படங்களில் காணலாம். குளிர்காலத்தில் கங்கைச் சமவெளியில் ரயிலையும் விமானத்தையும் நிறுத்திவைக்கும் மூடுபனி தடிப்பதற்கும் இத்துகள்கள் துணைபுரிகின்றன. உயர்ந்து எழும் பெரிய இடிமேகங்களில் மாசு மழையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் உண்டு. ஆயினும், மாசு நீரை உண்டாக்காது என்பதில் வாதமில்லை.

மேகத்தில் விதை தூவும் முறையை நாம் முற்றிலும் பழிக்கவில்லை. நீர் நிறைந்த மேகத்தில் பெரிய உப்புத் துகள்கள் பெருந்துளிகளை உண்டாக்க உதவக்கூடும். குளிர்ந்த மேகத்தில் வெள்ளி அயோடைடு பனித்துகளைப் பிறப்பிக்கும். ஆனால் பருவமழை விலகிய பின்னர் டில்லி வானில் இல்லாதது ஈரம். அளவுக்கு மீறியிருப்பது துகள். வெறும் பானையில் அகப்பையை விட்டுத் துழாவுவதால் பயன் என்ன? ஒருகால் மழை பெய்தாலும், புகை எழும் வாயில்கள் திறந்தே இருக்குமாயின், சில நாட்களில் பழைய நிலைமையே திரும்பும்.

அவ்வாயில்களை அடைப்பதில் நாம் காட்டும் ஊக்கம் எத்தகையது? நிலக்கரி மின்சார நிலையங்கள் கந்தகப் புகையைக் கட்டுப்படுத்த வேண்டுமென்று 1915-ல் அன்று, 2015-ம் வருஷத்திலேயே விதி செய்யப்பட்டது. தவணைமேல் தவணை கொடுக்கப்பட்டது. முடிவில் 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய சர்க்கார் பெரும்பாலான நிலையங்களுக்குப் புகைக் கந்தகத்தை நீக்கும் கருவி வைப்பதிலிருந்து விலக்கே அளித்துவிட்டனர். நமது நிலக்கரியில் கந்தகம் குறைவு, நிலையங்களின் சுற்றுப்புறக் காற்றில் அவ்வாயு வரம்புக்குட்பட்டே இருக்கிறது, செலவோ அதிகம் என்பன அவர்கள் தரப்பு வாதங்கள். செலவு அதிகம் என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் சுற்றுப்புறத்தில் மட்டும் அளந்து தீர்ப்புக் கூறுவது நியாயமன்று. அவ்வாயு காற்றில் நெடுந்தூரம் சென்று ஸல்பேட் துகளாக மாறுகிறது. கைப்பற்றிய பொருள் உருமாறியதனால் வழக்கு தள்ளுபடியாகிவிடாது.

துகளை உண்டாக்குகிறவர்களுக்கு விலக்கு. துகளைக் கழுவ விமானம்! இவ்விரண்டும் ஒரே நாட்டில், ஒரே வருஷத்தில் நிகழ்ந்தவை. டில்லிக் குழந்தைகளின் சுவாசம் மேகத்தின் தயவை எதிர்நோக்கியிருக்க வேண்டியதில்லை. அனல் நிலையம், மோட்டார் வண்டி, செங்கற் சூளை, வயலில் எரிக்கும் தாள் இவை யாவும் மண்ணில் உள்ளவை. சட்டத்தின் கைக்கு எட்டுபவை. சர்க்கார் வானத்தை அண்ணாந்து பார்ப்பதை விடுத்து, புகைபோக்கியின் வாயைப் பார்ப்பார்களாக.