சாவி யார் கையில்?

பெரிய கூட்டுக் குடும்பம். அரிசி அறைக்கு ஒரு சாவி, பணப்பெட்டிக்கு ஒரு சாவி, நகைப்பெட்டிக்கு ஒரு சாவி. சமையல்காரரிடம் அரிசி அறையின் சாவி மட்டுமே இருக்கும். நகைப்பெட்டியின் சாவியை அவரிடம் கொடுப்பதில்லை. அவர் மீது சந்தேகம் என்று பொருளல்ல. அவருடைய வேலைக்கு அது தேவையில்லை. அவர் வேலையை விட்டுப் போகும் நாளில், அரிசி அறையின் சாவியையும் மறவாமல் திரும்ப வாங்கிக் கொள்வார்கள்.

வீட்டில் உள்ள இந்த ஒழுங்கு, கோடிக்கணக்கான விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போர்ச்சுக்கல் நாட்டில் நடந்த சம்பவம் சாட்சி.

ஆஸ்பத்திரிக்கு அபராதம்

போர்ச்சுக்கலின் தலைநகரான லிஸ்பனுக்கு எதிர்க்கரையில் பரேய்ரோ என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள ஆஸ்பத்திரிக்கு 2018-ம் ஆண்டு, அந்நாட்டின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 4 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

குற்றம் என்ன? ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரில் 985 பேருக்கு "டாக்டர்" என்ற அனுமதி இருந்தது. ஆனால் அங்கே பணிபுரிந்த டாக்டர்கள் 296 பேர்தான்! டாக்டர் அல்லாத சிலரும் நோயாளிகளின் அந்தரங்க விவரங்களைப் பார்க்க முடிந்தது. டாக்டர்களும், தாங்கள் சிகிச்சை செய்யாத நோயாளிகளின் ஏடுகளைக்கூடப் புரட்ட முடிந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் முறை அரசாங்கம் கொடுத்தது என்று ஆஸ்பத்திரி வாதாடியது. வாதம் எடுபடவில்லை. பெட்டி யார் செய்ததாக இருந்தாலும், சாவிக்குப் பொறுப்பு வீட்டுக்காரருடையது அல்லவா?

கனசதுரக் கணக்கு

ஆஸ்பத்திரி ஏட்டில் ஒரு நோயாளிக்கு ஒரு பக்கம். பெரிய வியாபார நிறுவனங்களும் அரசாங்க அலுவலகங்களும் வைத்திருக்கும் ஆய்வுக் கணக்கு இதைவிடச் சிக்கலானது.

ஒரு வியாபாரிக்கு 100 கிளைகள். ஒவ்வொன்றிலும் 1,000 வகைச் சரக்குகள். எந்தச் சரக்கு, எந்தக் கிளையில், எந்த நாளில், எவ்வளவு விற்றது? ஓர் ஆண்டுக்கு இந்தக் கணக்கை எழுத 3 கோடியே 65 லட்சம் கட்டங்கள் வேண்டும். நீளம், அகலம், உயரம் என்ற மூன்று பக்கங்கள் கொண்ட பகடைக்காய் போல, சரக்கு, இடம், காலம் என்று இந்தக் கணக்கைப் பல பக்கங்களிலிருந்தும் பார்க்கலாம். ஆகையால் இதைக் கனசதுரம் என்கிறார்கள். இப்படிக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஆராயும் முறைக்கு 1993-ல் "ஓலாப்" என்று பெயர் சூட்டியவர், கம்ப்யூட்டர் மேதை எட்கர் காட்.

இத்தனை கட்டங்களில் யார் எதைப் பார்க்கலாம் என்பதை எப்படித் தீர்மானிப்பது? 5,000 சிப்பந்திகள் இருந்தால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுமதி எழுதி மாளுமா?

ஆளுக்கு அல்ல, பதவிக்கு!

இதற்கு வழி கண்டவர்கள் அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய நிலையத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெரைலோவும் ரிச்சர்ட் கூனும். 1992-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் சாரம் எளிமையானது. அனுமதியை ஆளுக்குக் கொடுக்காதே, பதவிக்குக் கொடு. ஆளைப் பதவியில் அமர்த்து. மாற்றலாகிப் போனால் அந்தப் பதவியிலிருந்து நீக்கு. அனுமதி தானாகவே போய்விடும். 2004-ல் இந்த முறை அமெரிக்காவின் தேசியத் தர விதியாகவே ஆயிற்று.

நல்ல முறைதான். ஆனால் நிறுவனம் வளர வளரப் பதவிகளும் பெருகுகின்றன. 100 கிளைக்கு 100 பதவி. ஒவ்வொன்றிலும் விற்பனை, கொள்முதல், சம்பளம் என்று பிரித்தால் 300 பதவி. நாளடைவில் எந்தப் பதவிக்கு என்ன அனுமதி என்பது யாருக்குமே தெரியாமல் போகிறது.

இதற்கும் மாற்று உண்டு. "கிளை மானேஜர்" என்று ஒரே பதவி. எந்த மானேஜருக்கு எந்தக் கிளை என்று தனியே ஒரு பட்டியல். உள்ளே வருபவரின் பெயரைக் கண்டதும், கம்ப்யூட்டரே பட்டியலைப் பார்த்து அவருடைய கிளையை மட்டும் திறக்கும். ஆனால் பட்டியல் பிழையானால் பாதுகாப்பும் பிழைதான். ஒருவருக்காகப் போட்டு வைத்த விடையை மற்றவருக்கு அப்படியே காட்டவும் முடியாது. வேகம் சற்றுக் குறையும். பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை அது.

இரண்டு பதவி வந்தால்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒருவருக்கு இரண்டு பதவிகள். ஒன்றில் சம்பளக் கணக்குக்குத் தடை, மற்றொன்றில் அனுமதி. எது வெல்லும்? தடைதான் வெல்லும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பல நிறுவனங்கள் பயன்படுத்தும் மைக்ரோசாப்ட் அனாலிசிஸ் சர்வீசஸில் அனுமதிகள் ஒன்றாகக் கூட்டப்படுகின்றன. ஒரு பதவி திறந்த கதவை மற்றொரு பதவி மூட முடியாது. பழைய பதவியிலிருந்து பெயரை நீக்காமல் புதிய பதவியைக் கொடுத்தால், ஒரே ஆளிடம் இரண்டு சாவிக்கொத்து!

கூட்டுத்தொகை சொல்லும் ரகசியம்

மற்றோர் ஆபத்தும் உண்டு. மூன்று பிரிவுகளின் சம்பளம் மொத்தம் 10 லட்சம். ஓர் அதிகாரி இரண்டு பிரிவுகளை மட்டும் பார்க்கலாம். அவை 3 லட்சம், 4 லட்சம். மூன்றாவது பிரிவு மறைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கீழே மொத்தம் 10 லட்சம் என்று காட்டினால்? கழித்தல் தெரிந்த குழந்தைகூட மறைத்த தொகை 3 லட்சம் என்று சொல்லிவிடும். அந்தப் பிரிவில் ஒரே ஒருவர்தான் இருந்தால், அவருடைய சம்பளமே வெளியாகிவிடும்.

இதைத் தடுக்க, பார்க்க அனுமதி உள்ளவற்றை மட்டும் கூட்டி 7 லட்சம் என்று காட்டும் வசதி இருக்கிறது. ஆனால் அந்த 7 லட்சத்தையே நிறுவனத்தின் மொத்தம் என்று அதிகாரி நம்பிவிடக் கூடாது. "இது உங்கள் பிரிவுகளின் கூட்டுத்தொகை மட்டுமே" என்று பக்கத்தில் எழுதிக் காட்டுவது அவசியம்.

செய்ய வேண்டியது

இவை யந்திர நிபுணர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயங்கள் அல்ல. கணக்கின் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார். ஒரு பெண்ணின் நோய், ஒரு தொழிலாளியின் சம்பளம், ஒரு குடும்பத்தின் கடன் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன.

ஆகவே, விவரங்களைச் சேர்த்து வைப்பவர்கள் சில கடமைகளைத் தவறாமல் செய்ய வேண்டும். வேலைக்குத் தேவையான அனுமதி மட்டுமே கொடுக்க வேண்டும். ஒருவர் வேலையை விடும் அன்றே, பதவி மாறும் அன்றே, பழைய அனுமதியை நீக்க வேண்டும். யார் எதைப் பார்த்தார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். சில மாதங்களுக்கு ஒரு முறை சாவிகளையும் ஆட்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படி எண்ணுகிறவர் கம்ப்யூட்டர் நிபுணராக மட்டும் இருந்தால் போதாது. எந்த வேலைக்கு எது தேவை என்று அறிந்த அதிகாரியும் அருகில் இருக்க வேண்டும்.

985 எங்கே, 296 எங்கே? அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. எண்ணிப் பார்க்கும் பொறுப்பு இருந்தால் போதும். பூட்டு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், சாவி ஊரெங்கும் கிடந்தால் என்ன பயன்?