பொம்மை மாட்டியிருக்கும் சட்டை

செத்தவன் துணியைத்தான் சண்டாளன் உடுத்த வேண்டும் என்று மனு எழுதி வைத்தான். துணி வெறும் துணி இல்லை, ஆளை எங்கே நிறுத்துவது என்று சொல்லும் அடையாளம் என்பதை நமக்கு யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோளில் துண்டு போட்டதற்கும் முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்கியதற்கும் அடி வாங்கிய சனம் நாம்.

அதனால்தான் அருங்காட்சியகத்துக் கண்ணாடிக்குள்ளே பொம்மைக்கு மாட்டி வைத்த பட்டாளத்து உடுப்பைப் பார்த்தால் நமக்கு வேறு கேள்வி வருகிறது. இதுவும் செத்தவன் துணிதான். ஆனால் இதற்கு மரியாதை. எந்தச் செத்தவனுக்கு?

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் வாஷிங்டனின் ராணுவ உடுப்பு 1883 முதல் ஸ்மித்சோனியனில் இருக்கிறது. 1775 முதல் 1783 வரை நடந்த விடுதலைப் போரில் அவருக்குக் கீழே நின்று சண்டை போட்ட சாதாரண சிப்பாயின் உடுப்பைத் தேடுங்கள். கிடைப்பது அபூர்வம். தளபதிக்கு மாற்றுடை இருந்தது, எடுத்து வைக்கப் பெட்டி இருந்தது. சிப்பாய் போட்டே கிழித்தான். ரோட் ஐலண்டில் 1778ல் அடிமைகளாக இருந்த கறுப்பர்களை, விடுதலை தருகிறோம் என்று சொல்லிப் படையில் சேர்த்தார்கள். அவர்கள் போட்ட சட்டைக்கு எந்தப் பொம்மை காத்திருக்கிறது? மிஞ்சியதைத்தான் சேகரிக்கிறோம் என்பார்கள். யாருடையது மிஞ்சும் என்பதை முடிவு செய்வது அதிகாரம்தானே!

போட்டவன் கதை இது. தைத்தவள் கதை என்ன?

1969ல் நிலவில் இறங்கிய ஆம்ஸ்ட்ராங்கின் விண்வெளி உடையும் ஸ்மித்சோனியனில்தான் இருக்கிறது. அதைச் செய்தது டெலவர் மாநிலத்து டோவரில் இருந்த ஐ.எல்.சி. கம்பெனி. பிளேடெக்ஸ் உள்ளாடை விற்ற அதே கம்பெனி. உள்ளாடையும் குழந்தைகளின் ரப்பர் ஜட்டியும் தைத்த பெண்கள்தான் தையல் மிஷினில் உட்கார்ந்து 21 அடுக்கு உடையைத் தைத்தார்கள். தையல் ஓர் அங்குலத்தில் 32ல் ஒரு பங்குகூட விலகக் கூடாது. குண்டூசி ஒன்று உள்ளே தங்கிவிட்டாலும் உடை ஓட்டையாகி ஆள் செத்துப்போகலாம். அதனால் தைத்த உடையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பெண்களில் ஒருவர் எலினோர் ஃபோரேக்கர். ஆம்ஸ்ட்ராங் பெயரைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணினோம். இந்தப் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

உடையின் உள்ளே இருக்கும் ரப்பர் காலப்போக்கில் இறுகி உடைகிறது. 2006ல் அதைப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2015ல் பொதுமக்களிடம் கையேந்தி 7 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். உடைக்கென்றே உள்ளே காற்றோடும் பொம்மை ஒன்றைச் செய்து, 2019 ஜூலை 16 அன்று மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். பொம்மைக்குக்கூட மூச்சு விட வழி செய்தார்கள். நல்லதுதான். துணியைக் காப்பாற்றாதே என்று நாம் சொல்லவில்லை.

“போனவனைத்தானே காட்டுவாங்க, தையக்காரியையுமா காட்டுவாங்க?” என்று ஒரு தோழர் கேட்கலாம். ஆம்ஸ்ட்ராங்கின் துணிச்சலை நாம் குறைக்கவில்லை. ஆனால் காற்றே இல்லாத அந்த இடத்தில் அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் பெண்கள் போட்ட தையல். பின்னால் ஆராய்ச்சியாளர்கள் அவர்களைத் தேடிப் போய் எழுதினார்கள். அப்படி எழுதியது புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது. போட்டவர் பெயர் எந்த அட்டையில் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, அதே அட்டையில் அதே எழுத்தில் தைத்தவர் பெயரும் வேண்டும். அதுவரை அந்தக் கண்ணாடிக்குள் இருப்பது பாதி வரலாறுதான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நம் சேரிகளிலிருந்தும் பட்டாளத்துக்குப் போனவர்கள் உண்டு. அவர்கள் கொண்டுவந்த காக்கிச் சட்டை வயலுக்குப் போனது, கடைசியில் அடுப்படியில் கரித்துணியானது. யாராவது வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒன்று மிச்சம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பொம்மை வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். போட்டது யாரு, எந்தச் சண்டை, கிழிஞ்சப்போ ஒட்டுப்போட்டுத் தைச்சது யாரு என்று பாட்டியைக் கேட்டு ஒரு தாளில் எழுதி அதன் பையிலேயே வையுங்கள்.