சனிக்கிழமைப் பொங்கல்

அயலகத் தமிழர்கள் தைத் திருநாளைச் சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கிறார்கள், மின்னடுப்பில் பொங்குகிறார்கள், உற்றார் இல்லாத இடத்தில் நண்பர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு அதற்குப் பண்டிகை என்று பெயர் சூட்டுகிறார்கள். இப்படி எள்ளி நகையாடுவது தாயகத்து இலக்கிய நண்பர்கள் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. இலண்டனில் சில ஆண்டுகள் வாழ்ந்து, அத்தகைய பொங்கல்களில் கரண்டி பிடித்தவர்கள் என்ற முறையில் மறுமொழி கூறும் கடமை எங்களுக்கு உண்டு.

முதல் இரண்டு குற்றங்களையும் ஒப்புக்கொள்கிறோம். சனவரி நடுவில் இலண்டனில் காலை எட்டு மணியளவில்தான் கதிரவன் தலைகாட்டுகிறான். மாலை நான்கரைக்குள் மறைந்துவிடுகிறான். இடைப்பட்ட பொழுது பணியிடத்துக்கு உரியது. தை முதல் நாளுக்கு அங்கே விடுமுறை கிடையாது. பால் பொங்கி வழிந்து கருகினால் புகையை உணரும் கருவி அலறும். ஆகவே ஒருவர் பானையைப் பார்த்துக்கொள்ள, மற்றொருவர் நாற்காலியில் ஏறி நின்று துண்டால் விசிறிக்கொண்டிருப்பார். நகைப்புக்குரிய காட்சிதான். நாங்களும் நகைத்தோம்.

ஆனால் 'உற்றார் இல்லாத பண்டிகை' என்னும் மூன்றாவது குற்றச்சாட்டை ஏற்க மாட்டோம்.

நாங்கள் அறுவர். முதல் ஆண்டு யாழ்ப்பாணத்து நண்பர் தொலைபேசியில் "சர்க்கரை வாங்கி வாருங்கள்" என்றார். தஞ்சை நண்பர் இரண்டு கிலோ வெள்ளைச் சர்க்கரையோடு வந்து நின்றார். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பெயர் சீனி! ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவுக்கு ஓடி வெல்லம் வாங்கிவந்தோம். வெந்து இறங்கியதை அவர் புக்கை என்றார். நாங்கள் பொங்கல் என்றோம். வலிகாமம் வடக்கில் இருந்த அவரது வீடு 1990 முதல் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. 'ஊருக்குப் போய் உற்றாரோடு கொண்டாடுவதே பண்டிகை' என்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அறுவரில் இன்னொருவர் எங்கள் ஊருக்கு அருகே ஒரு காலனியிலிருந்து படித்து வந்தவர். அன்று பானையைக் கிளறியவர் அவரே. எங்களுக்கு அது தற்செயல், எவரும் பொருட்படுத்தவில்லை. பல மாதங்கள் கழித்து அவர் சொன்னார்: பள்ளித் தோழன் வீட்டுப் பொங்கலைத் தாம் எப்போதும் திண்ணையில் அமர்ந்தே உண்டதாகவும், அத்தோழன் ஒருமுறைகூடத் தம் வீட்டுப் பானையில் கைவைத்ததில்லை என்றும். எங்கள் ஊரில் தை முதல் நாளில் பொங்காத வீடு இல்லை. ஆயினும் காலனிப் பானையின் சோற்றை ஊர்த்தெரு உண்டு நாங்கள் கண்டதில்லை. நீங்கள் மெய்யான பண்டிகை என்று உயர்த்திப் பிடிப்பது இதைத்தானா?

வள்ளுவர் சுற்றந்தழாலுக்கு ஓர் அதிகாரம் தந்தார். நட்பு தொடங்கிக் கூடாநட்பு வரை ஐந்து தந்தார். அவற்றுள் இரண்டு தீய நட்பைப் பற்றிய எச்சரிக்கைகள் என்பதைத் தமிழ் கற்பிக்கும் நாங்கள் அறியாதவர்கள் அல்லர். அந்த எச்சரிக்கையும் எங்கள் கட்சிக்கே வலுச்சேர்க்கிறது. சுற்றம் பிறப்பால் அமைவது. நட்பு ஆராய்ந்து கொள்வது. ஆராய்ந்து கொண்டவரோடு ஒரு பானையில் உண்பதைப் போலி என்பது எந்த மரபு?

எங்கள் சினம் தாயகத்தாரோடு நிற்கவில்லை. அயலகத்திலும் நான்கு சுவர்ப் பொங்கல் வளர்ந்து வாடகை மண்டபத்துக்குப் போனதும் சிறப்பு விருந்தினரும் பொன்னாடையும் வந்துவிடுகின்றன. சமையல் உணவகத்துக்குப் போய்விடுகிறது. பொங்க வேண்டியவர்கள் நாற்காலிகளில் பார்வையாளர்களாக அமர்கிறார்கள். அதனினும் தீது, சாதிப் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் 'நம்மவர் மட்டும்' என்று அழைப்பு அனுப்பும் கூட்டங்கள். கடல் கடந்து வந்து, விட்டுவந்த சுவரையே மறுபடி எழுப்புவதற்கு இத்தனை தொலைவு வந்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே பொங்கலின் மெய்மையை அளக்கப் புறப்படுவோர் நாட்காட்டியையும் அடுப்பையும் விட்டுவிடுங்கள். கரண்டி யார் கையில் இருந்தது, பந்தியில் யார் அமர்ந்தார் என்று மட்டும் கேளுங்கள். எங்கள் சனிக்கிழமைக்கு எங்களிடம் விடை உண்டு. உங்கள் தை முதல் நாளுக்கு?