தபாலட்டையில் இல்லாத ஊர்

நண்பர் ஒருவர் தாம் சேர்த்துவைத்திருந்த பழைய படத் தபாலட்டைகளை ஒரு நாள் என் மேஜைமீது பரப்பினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிக்கின்பாதம்ஸ், வீல் அண்டு க்ளைன் போன்ற சென்னைக் கம்பெனிகள் வெளியிட்டவை. மவுண்ட் ரோடு, சென்ட்ரல் ஸ்டேஷன், மாமல்லபுரத்து ரதம், காஞ்சிக் கோபுரம். ஒவ்வொன்றையும் எடுத்து, "அந்தக் காலம் போச்சு, ஸார்!" என்று பெருமூச்சு விட்டார்.

"மணிமங்கலம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"அங்கே என்ன ஸார் இருக்கிறது, படம் பிடிக்க?" என்றார்.

அன்று வந்த கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை.

தபாலட்டை மேல் எனக்கு விரோதம் கிடையாது. 2018இல் லண்டனில் சென்னை, பெங்களூர் அட்டைகளை வைத்து ஒரு கண்காட்சியே நடத்தினார்கள். ஆனால் அவை யாருக்காக அச்சானவை? பெரும்பாலும், சீமையிலிருக்கும் உறவினருக்கு நாலு வரி எழுதிப்போட்ட துரைமாருக்காக. எந்த ஊர் என்றுகூடப் போடாமல், 'இந்துக் கோயில்' என்று மட்டும் அச்சடித்த அட்டைகளும் உண்டு. அவர்கள் கண்ணில் பட்டதுதான் சரித்திரம், படாதது வெறும் பட்டிக்காடு என்று நாமும் நம்பலாமா?

'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு மணிமங்கலம் என்ற பெயர் தெரியும். அது கல்கியின் கற்பனை ஊர் அல்ல. ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு அதைச் சொல்கிறது. ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் சோழர் சாசனங்கள் இருக்கின்றன. கூடல்சங்கமத்தில் வீரராஜேந்திரன் சாளுக்கியரை வென்ற செய்தியை அங்கே படிக்கலாம். ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் அந்தச் சாசனங்களை 1899இலேயே அச்சேற்றிவிட்டார். துரை ஒருவர் மதித்தால்தான் மதிப்பு என்பவர்களுக்கு அதுவும் ஆயிற்று!

அந்தப் பெருமாளுக்கு வலக்கையில் சங்கு, இடக்கையில் சக்கரம். படத்தில் மட்டும் பார்த்தால், அச்சில் இடம் வலம் மாறிவிட்டது என்றே நினைப்பீர்கள். நேரில் போய்த்தான் பார்க்கவேண்டும். தர்மேசுவரர் கோயிலுக்கோ தூங்கானை மாட விமானம். படுத்த யானையின் பின்புறம்போல் வளைந்த அந்த அழகு எல்லா ஊரிலும் கிடைக்காது.

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலும், 2010இல் ஒரகடத்திலும் கார்த் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. இன்று இந்த வட்டாரத்துச் சாலைகளில் கம்பெனி பஸ்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் குறைவில்லை. வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். சாசனமுள்ள கோயிலைக் காக்கச் சட்டமாவது இருக்கிறது. திண்ணை வீட்டுக்கும், குளத்துப் படித்துறைக்கும், சுமைதாங்கிக் கல்லுக்கும் யார் இருக்கிறார்கள்? எந்த ஊரிலும் ஒரு புல்டோஸருக்கு அரை நாள் வேலை.

பழைய அட்டைக்குப் பெருமூச்சு விடும் அன்பர்களே, பெருமூச்சுக்குச் செலவில்லை. அதனால் பயனும் இல்லை. உங்கள் சட்டைப்பையிலேயே காமிரா இருக்கிறது. ஊருக்குப் போங்கள். நிற்பதையெல்லாம் நிற்கும்போதே படம் பிடியுங்கள். எந்தத் தெரு, எந்த வருஷம், யார் கட்டியது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிவையுங்கள்.

பெயரில்லாத படம் அநாதைதான். துரைமார் செய்த அந்தத் தப்பையும் நாம் செய்யவேண்டாம்.